கெஸ்வாச்சாக்கா புல் பாலத்துக்கு ஒரு நாள் டூர்: எப்படிப் போவது, எதைப் பார்ப்பது

பெரு நாட்டின் குஸ்கோ நகரில் கெஸ்வாச்சாக்கா டூருக்குப் பணம் கட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "பாலத்தில் எவ்வளவு நேரம் விடுவீர்கள்?" பெரும்பாலும் இது நான்கு ஏரிகளையும் பாலத்தையும் சேர்த்துக் கட்டிய டூராகத்தான் விற்கப்படுகிறது. காலை உணவு, மதிய உணவு, ஏரிக்கு ஏரி போட்டோ என்று நாள் முழுக்க வேன் நின்று நின்று போகும். சிலர் பாலத்துக்கென்று அரை மணி நேரம்தான் ஒதுக்குவார்கள். பாதையில் இறங்கி ஏறவே அதில் பாதி கரைந்துவிடும். ஒரு மணி நேரத்துக்குக் குறைவாகச் சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். கடப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். பார்ப்பதற்குத்தான் நேரம் வேண்டும்.

பாலம் இருப்பது குஸ்கோ பகுதியின் கானாஸ் மாகாணத்தில், கேவே என்ற ஊருக்குப் பக்கத்தில், அபூரிமாக் ஆற்றின் மேல். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,700 மீட்டர் உயரம். பாலத்தின் நீளம் ஏறத்தாழ 28 மீட்டர், அகலம் 1.2 மீட்டர். ஆணி கிடையாது, இரும்புக் கம்பி கிடையாது. இரண்டு கரையிலும் கல் மேடை, நடுவில் மலைப்புல்லைத் திரித்த வடங்கள், நடைதளத்தில் பரப்பிய குச்சிகள். அவ்வளவுதான். வின்சிரி, சௌபிபந்தா, சொக்காய்வா, கொல்யானா கேவே ஆகிய நான்கு சமூகங்களின் குடும்பங்கள் ஒவ்வொரு ஜூன் மாதமும் பழையதை அறுத்து ஆற்றில் விட்டுவிட்டு, புதிதாக ஒன்றைக் கட்டுகிறார்கள். 2013-இல் யுனெஸ்கோ கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது பாலத்தை அல்ல. அதைக் கட்டும் அறிவையும் சடங்குகளையும்தான். சரியான முடிவு என்று எனக்குப் படுகிறது. பாலத்துக்கு வயது எப்போதும் ஒரு வருடத்துக்குள்தானே!

அதனால் எந்த மாதம் போகிறீர்கள் என்பது முக்கியம். ஜூன் கடைசியில் போனால் புல்லின் நிறமே வேறு, வடங்கள் விறைப்பாக இருக்கும். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் வரை நல்ல காலம், மழையும் இல்லை. டிசம்பரிலிருந்து மார்ச் வரை மழைக்காலம். அதற்குள் பாலம் தொய்ந்து, ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்துகூட இருக்கலாம். சில நாட்களில் ஏற விடமாட்டார்கள். புதுப்பிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2020-இல் கொரோனாவால் ஜூன் வேலை நடக்கவில்லை. 2021 மார்ச்சில் பாலம் அறுந்து விழுந்தது. அந்த ஜூனிலேயே மறுபடி கட்டிவிட்டார்கள். எனவே மழைக்காலத்தில் புக் செய்தால், "பாலம் இப்போது திறந்திருக்கிறதா?" என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அதிகாலை நாலரை, ஐந்து மணிக்கே வேன் வந்துவிடும். முந்தைய இரவே பையைக் கட்டி வையுங்கள். வறண்ட மாதங்களில் அந்த நேரத்துக் குளிர் எலும்பைத் தொடும். பத்து மணிக்குள் வெயில் சுட்டெரிக்கும். கழற்றி மாட்ட வசதியாக மெல்லிய உடைகளை அடுக்கடுக்காகப் போட்டுக்கொள்வதே வழி. சன்ஸ்கிரீன், தாடைக்குக் கீழே கட்டும் நாடா வைத்த தொப்பி, தண்ணீர் எல்லாம் பையில் இருக்கட்டும். பெருவின் பணமான சோலில் சில்லறை நாணயங்கள் அவசியம். பாலத்தில் உள்ளூர்ச் சமூகத்தினர் வாங்கும் கட்டணம் டூர் விலையில் அடங்கியிருக்கிறதா என்று முன்பே கேட்டு வையுங்கள். வழியில் கழிவறைக்கும் காசு கேட்பார்கள். பெரிய நோட்டை நீட்டினால் மாற்ற ஆளிருக்காது.

உயரத்தைப் பற்றி நீட்டி முழக்கப்போவதில்லை. குஸ்கோவே 3,400 மீட்டர். வழியில் வரும் யானாவோக்கா அதையும் தாண்டிய உயரம். விமானத்தில் வந்து இறங்கிய மறுநாளே இந்த டூரை வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு மூன்று நாள் குஸ்கோவில் மெதுவாக நடந்து பழகிய பிறகு போனால் தலைவலியும் வாந்தியும் பெரும்பாலும் இருக்காது. மாத்திரை வேண்டுமா என்பதைக் கிளம்பும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். கோக்கா இலைத் தேநீர் எங்கும் கிடைக்கும், பெருவில் அது சட்டப்படி சரி. ஆனால் அந்த இலையைப் பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுபோகும் யோசனை வேண்டாம். கோகெய்ன் எடுக்கும் இலை என்பதால் பல நாடுகளில் அது வழக்கில் போய் முடியும்.

குஸ்கோவிலிருந்து சிக்குவானி போகும் நெடுஞ்சாலையில் தெற்கே போய், கொம்பாபாத்தாவில் பிரிந்து மலை ஏற வேண்டும். ஏரிகளையும் பார்த்துக்கொண்டு போகும் டூர் என்றால் அதற்கேற்ப வழி கொஞ்சம் சுற்றும். நிற்காமல் போனாலே மூன்று மணி நேரம் ஆகும். டூர் வேண்டாம் என்றால் சிக்குவானி பஸ்ஸில் ஏறி கொம்பாபாத்தாவில் இறங்கி, பகிர்வு வண்டியில் யானாவோக்கா வரை போய், அங்கிருந்து டாக்ஸி பேசிக்கொள்ளலாம். டாக்ஸியைத் திரும்பி வருவதற்கும் சேர்த்தே பேசுங்கள், பாலத்தருகே வண்டி கிடைக்கும் என்று நம்ப முடியாது. கையில் ஸ்பானிஷ் கொஞ்சமாவது இருந்தால்தான் இது சரிப்படும். நாங்கள் டூரில்தான் போனோம். என்னோடு அத்தை வந்திருந்தார், முழங்கால் வலிக்காரர். வண்டி மாறி மாறி ஏறுவது அவருக்கு ஆகாது.

இனி பாலம். வேன் நிற்கும் இடத்தின் அருகே இரும்புப் பாலம் ஒன்று இருக்கிறது. வண்டிகள் எல்லாம் அதில்தான் ஆற்றைக் கடக்கின்றன. முதலில் அதன் மேல் நின்று புல் பாலத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். நடுவில் எவ்வளவு தொய்வு, இரண்டு பக்கமும் எவ்வளவு ஏற்றம் என்பது அங்கிருந்துதான் பிடிபடும். அப்புறம் கல் பாதையில் கீழே இறங்குங்கள். எல்லாரும் நேரே போய்ப் பாலத்தில் ஏற வரிசையில் நிற்பார்கள். நிற்கட்டும். நீங்கள் கரையிலிருக்கும் கல் மேடையருகே ஒதுங்கி, வடங்கள் வந்து சேரும் இடத்தைப் பாருங்கள்.

பெரிய வடங்கள் ஆறு. நான்கு காலடியில், இரண்டு கைப்பிடிக்கு. காலடி வடம் ஒரு கைக்குள் அடங்காத தடிமன். அதைப் பார்த்ததும் ஒரே கயிறு என்றுதான் தோன்றும். கிட்டே குனிந்தால் மூன்று தடித்த கயிறுகளைச் சடை பின்னுவதுபோலப் பின்னியிருப்பது தெரியும். அந்த ஒவ்வொன்றையும் கூர்ந்து பார்த்தால், அதற்குள் விரல் கனச் சிறு கயிறுகள் கட்டுக்கட்டாக முறுக்கியிருக்கும். ஒரு சிறு கயிற்றில் கண்ணை வைத்தால் இரண்டு புரி தெரியும். புரிக்குள்ளே புல், வெறும் புல். ஒரு புல் தாளின் நீளம் முழங்கை அளவு இருந்தாலே அதிகம். அந்த நீளத்தை வைத்துக்கொண்டு ஆற்றையே தாண்டியிருக்கிறார்கள்.

எப்படி என்று எங்கள் கைடு செய்து காட்டினார். அந்தப் பக்கத்துக்காரர்தான் அவர். பாதையோரம் கிடந்த காய்ந்த புல்லில் ஒரு பிடி எடுத்து இரண்டாகப் பிரித்தார். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து இரண்டு புரியையும் ஒரே திசையில் உருட்டினார். உருட்டிய கையோடு இரண்டையும் எதிர்த் திசையில் ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றினார். புரி அவிழப் பார்க்கும் திசையும் கயிறு அவிழப் பார்க்கும் திசையும் எதிரெதிர் என்பதால் ஒன்றை மற்றொன்று பிடித்துக்கொள்கிறது, முடிச்சே தேவையில்லை. புல் தீரப்போகும்போது புதிதாக நாலைந்து தாளைச் செருகினார். இரண்டு புரியிலும் ஒரே இடத்தில் செருகவில்லை, கொஞ்சம் தள்ளித் தள்ளி. ஒரே இடத்தில் செருகினால் அந்த இடம்தான் முதலில் அறும். பாலத்துக்கான புல் கோயா என்ற வகை. அதை நனைத்து, கல்லால் தட்டிப் பதப்படுத்திய பிறகே திரிப்பார்கள். உங்கள் கைடிடமும் செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். தெரியாதவராக இருந்தால், கட்டணம் வாங்கும் இடத்தில் இருக்கும் உள்ளூர்க்காரரிடம் கேட்டுப் பார்க்கலாம். பாலத்திலிருந்து மட்டும் ஒரு இழையையும் பிடுங்காதீர்கள்; ஞாபகார்த்தமாக ஒன்று என்று இழுத்தவர்களை நானே பார்த்தேன், எரிச்சலாக இருந்தது.

கடக்கும்போது ஒரே நேரத்தில் எத்தனை பேர் போகலாம் என்று அங்கே இருப்பவர் சொல்வார். அவர் பேச்சே இறுதி. பையைக் கரையில் கொடுத்துவிடுங்கள். போனை உள்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடுங்கள். கையில் வைத்துக்கொண்டு போனால் ஒரு கை கைப்பிடியில் இருக்காது. இரண்டு கையும் வேண்டும். குச்சிகளுக்கு நடுவே காலைத் தேடித் தேடி வைக்காமல், அடியில் வடம் ஓடும் இடமாகப் பார்த்துக் குறுகிய அடிகளாக வையுங்கள். அங்கேதான் உறுதி. முதல் பாதி இறக்கம். அதனால் சுலபம் என்று தோன்றும். நடுவுக்கு மேல் ஏற்றம், மூச்சு அங்கேதான் வாங்கும். யாராவது பின்னால் வந்தால் பாலம் அவர் நடைக்கும் உங்கள் நடைக்கும் சேர்த்து ஆடும். ஆட்டம் கூடினால் நின்றுவிடுங்கள், அடங்கியதும் போகலாம். கண் நாலடி முன்னால் இருக்கட்டும். எனக்கு உயரம் என்றால் பயம். பக்கவாட்டு வலைக் கயிறுகளின் இடைவெளி வழியே ஆறு தெரிந்தபோது வயிற்றைக் கலக்கியது. கைப்பிடி வடத்தின் சொரசொரப்பைத் தடவிக்கொண்டே போனதில் அக்கரை வந்துவிட்டது. உள்ளங்கையில் புல் வாசனை அன்று முழுக்க இருந்தது.

பிற்பகலில் பள்ளத்தாக்கில் காற்று கூடும். முடிந்தவரை மதியத்துக்கு முன் பாலத்துக்குப் போகும் டூராகப் பாருங்கள். ஏரிகள் எங்கும் போய்விடாது, அவற்றைத் திரும்பும்போது பார்க்கலாம். சின்னக் குழந்தைகளை ஏற்றுவது பற்றி என் அபிப்பிராயம் கேட்டால், வேண்டாம்.

ஏற முடியாதவர்களுக்கும் இந்தப் பயணம் வீண் இல்லை. "நீ போயிட்டு வாம்மா, நான் இங்கேர்ந்தே பாத்துக்கறேன்" என்று அத்தை மேலேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். நான் திரும்பி வந்தபோது, அங்கே கம்பளி விற்றுக்கொண்டிருந்த அம்மாளோடு சைகையிலேயே விலை பேசி முடித்திருந்தார். "பயமா இருந்துதா அத்தை, பாக்க?" என்றேன். "நீ நடுவுல நின்னப்ப கண்ணை மூடிக்கிட்டேன்டி" என்றார்.

ஜூனில் புதுப்பிக்கும் நாட்களிலேயே போக ஆசைப்படுகிறவர்களுக்கு: வழக்கமாக அது இரண்டாவது வாரத்தை ஒட்டி வரும். தேதியைக் குஸ்கோவில் உறுதி செய்துகொண்டு பிறகு டிக்கெட் எடுங்கள். வேலை மூன்று நாள், நான்காம் நாள் ஆட்டம் பாட்டு விருந்து. பச்சமாமா என்ற பூமித்தாய்க்கும் மலைத் தெய்வங்களுக்கும் படையல் போட்ட பிறகே தொடங்குவார்கள். முதல் நாள் குடும்பங்கள் கொண்டுவரும் சிறு கயிறுகள் சேர்ந்து பெரிய கயிறாகின்றன. இரண்டாம் நாள் இரண்டு கரையிலும் ஆட்கள் நின்று வடங்களைக் கையாலேயே இழுத்து இறுக்குகிறார்கள். மூன்றாம் நாள் பாலம் கட்டுவதில் தேர்ந்தவர்கள் இரு கரையிலிருந்தும் வடத்தின் மேல் உட்கார்ந்தபடியே பக்கவாட்டுக் கயிறுகளைக் கட்டிக்கொண்டு நடுவை நோக்கி வருகிறார்கள். பாலத்தின் மேல் வேலை செய்வது ஆண்கள் மட்டும். பெண்கள் மேலே சரிவில் உட்கார்ந்து கயிறு திரிப்பார்கள், பாலத்தருகே வருவதில்லை என்பது வழக்கம். பார்க்கப் போகும் பெண்களும் சரிவோடு நின்றுகொள்வதே மரியாதை. ஒரு நாள் டூரில் இந்த வேலையின் ஒரு துண்டுதான் கிடைக்கும். ஒரே நாள்தான் முடியும் என்றால் நான் மூன்றாம் நாளைச் சொல்வேன், விருந்து நாளை அல்ல.

சைவ உணவுக்காரர்கள் டூர் பதியும்போதே சொல்லிவிடுங்கள். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் தட்டில் கோழி வரலாம்; கோழியும் வேண்டாம், மீனும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். கீன்வா சூப் பார்க்கச் சைவமாக இருக்கும், எலும்பு வேகவைத்த தண்ணீரில் செய்திருப்பார்கள். உருளைக்கிழங்கும், பெரிய மணி வைத்த சோளமும், பாலாடைக்கட்டியும் நம்பிச் சாப்பிடலாம்.

மற்ற நிறுத்தங்களில் ஏரிகள் அழகுதான், ஆனால் இரண்டு பார்த்தால் போதும். பொமாகாஞ்சி பெரியது. பம்பமார்க்கா ஏரிப் பக்கம் நிற்கும்போது துங்கசூக்காவுக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக 1780 நவம்பரில் எழுந்த இரண்டாம் துபாக் அமாரு இந்த வட்டாரத்துத் தலைவர். பிடித்து வைத்திருந்த ஸ்பானிய அதிகாரி அர்ரியாகாவை இந்த ஊரில்தான் தூக்கிலிட்டார். அடுத்த ஆண்டு மே மாதம் துபாக் அமாருவையே ஸ்பானியர்கள் குஸ்கோவின் பெரிய சதுக்கத்தில் கொன்றார்கள். காலையில் உங்களை வேன் ஏற்றிக்கொண்டது அந்தச் சதுக்கத்தருகே என்றால் கைடு இதைச் சொல்லாமல் விடமாட்டார். நேரம் மிச்சமிருந்தால் செக்காகூப்பேவில் இறங்குங்கள். அங்கே ஸ்பானியருக்கு முன் ஆண்ட இன்காக்களின் முறையில் ஒரு கயிற்றுப் பாலம், ஸ்பானியர் காலக் கல் பாலம், பிற்காலத்து இரும்புப் பாலம் மூன்றும் ஒரே ஆற்றின் மேல் பக்கம் பக்கமாக இருக்கின்றன.

குஸ்கோ திரும்ப மாலை ஆறு மணியாகும், வழியில் நெரிசல் என்றால் இன்னும் தாமதம். அன்று இரவுக்கு பஸ்ஸோ விமானமோ பதிந்து வைக்காதீர்கள். ஊருக்கு முன்னால் வரும் ஒரோபேசா ரொட்டிக்குப் பேர்போனது. சாலையோரம் தட்டு அகல வட்ட ரொட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். டிரைவரிடம் ஐந்து நிமிடம் கேட்டு இறங்கி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இரவுச் சாப்பாட்டுக்கு மறுபடி வெளியே அலைய வேண்டியதில்லை.