உடைந்த ஷாஃப்டோடு பள்ளிக்குப் போங்கள்

பொறியியல் நிறுவனம் பள்ளிக்கு வந்தால் புரொஜெக்டர், நிறுவன வரலாறு, கடைசியில் ஆளுக்கொரு பேனா. பிள்ளைகள் கைதட்டிவிட்டு மறுநாள் மறந்துவிடுவார்கள். அவர்களை அறிவியல், கணிதம், பொறியியல் பக்கம் இழுக்க நினைத்தால் உங்கள் ஸ்கிராப் தொட்டியில் தேடத் தொடங்குங்கள்.

10 முதல் 14 வயதுக்காரர்களிடம் போங்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரி 2009-இல் தொடங்கிய ஆஸ்பயர்ஸ் ஆய்வு இந்த வயதினரைத்தான் கவனித்தது. அறிவியல் பிடிக்கும் என்று சொன்னவர்கள் ஏராளம். விஞ்ஞானியாக விரும்பியவர்கள் கொஞ்சம். ஆகவே அறிவியல் சுவையானது என்று காட்டுவதில் நேரத்தை விரயமாக்காதீர்கள். 'இந்த வேலை நமக்கும் வரும்' என்று பிள்ளைக்குத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு வகுப்புக்கு 90 நிமிடம் வேண்டும். 24 மாணவர்கள், மூன்று பேராக 8 குழு, நிறுவனத்திலிருந்து 4 பேர். கொண்டுபோக வேண்டியவை: சோர்வு முறிவில் (திரும்பத் திரும்ப வளைந்து, விரிசல் மெல்ல வளர்ந்து உடைவது) உடைந்த ஷாஃப்ட் (இயந்திரத்தில் சுழலும் தண்டு) ஒன்று, பேப்பர் கிளிப் 200, பாதுகாப்புக் கண்ணாடி 30, லென்ஸ் 8, உடைந்த துண்டுகளைப் போட ஒரு டப்பா. ஷாஃப்டில் வாடிக்கையாளர் பெயரோ பாக எண்ணோ இருந்தால் அழித்துவிடுங்கள். வெளி விளிம்புகளை அரத்தால் மழுக்கலாம்; முறிந்த முகத்தில் அரம் படவே கூடாது, சாட்சி அங்கேதான் இருக்கிறது.

முதல் பத்து நிமிடம் விளக்கம் எதுவும் வேண்டாம். ஷாஃப்டை மேசையில் வைத்து 'ஏன் உடைந்தது?' என்று மட்டும் கேளுங்கள். 'பாரம் அதிகம்' என்பார்கள். திருத்தாதீர்கள்.

அடுத்து கிளிப். கண்ணாடி போட்ட பிறகு, கிளிப்பை நிமிர்த்தி 90 பாகை வளைத்து மீண்டும் நேராக்கினால் ஒன்று என எண்ண வேண்டும். ஆளுக்கு மூன்று, 72 எண்களும் கரும்பலகைக்கு வரட்டும். எண்கள் சிதறிக் கிடக்கும். ஒரே பெட்டிக் கிளிப் ஏன் ஒரே எண்ணிக்கையில் உடையவில்லை என்று கேட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். வளைத்த இடம் மாறியிருக்கும், கோணம் கூடக் குறைய இருக்கும், அவர்களே கண்டுபிடிப்பார்கள். பிறகு 45 பாகை. எத்தனை தாங்கும் என்று முன்கூட்டியே எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலோரின் கணிப்பைத் தாண்டிப் போகும்.

இப்போது லென்ஸோடு ஷாஃப்டுக்குத் திரும்புங்கள். முறிந்த முகத்தில் ஒரு பகுதி வழவழப்பாக, சிப்பி ஓடு போல வளைவரிகளோடு இருக்கும், மீதி சொரசொரப்பு. வரிகள் குவியும் இடத்தில்தான் விரிசல் பிறந்தது, பெரும்பாலும் கீவேயின் (சக்கரத்தைப் பூட்ட ஷாஃப்டில் வெட்டிய பள்ளம்) கூர்மூலை. நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் ஒரு நாளைக்கு 21,60,000 சுற்று. ஒவ்வொன்றிலும் சிறு வளைவு. இந்தப் பெருக்கலை அவர்களே போடட்டும். 'கிளிப் வளைந்தே நிற்கிறது, ஷாஃப்ட் அப்படி வளையவில்லையே' என்று யாராவது கேட்டால் ஒப்புக்கொள்ளுங்கள். அன்றைய சிறந்த கேள்வி அதுதான்.

பேச அனுப்புவது நிர்வாக இயக்குநரை அல்ல. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டானவர்கள், ஒரு ஃபிட்டர், கட்டாயம் பெண்களும். கணக்கில் ஒருமுறை தோற்றுத் தேறியவர் கிடைத்தால் இன்னும் நல்லது.

ஆலையைச் சுற்றிக் காட்டுவதானால் ஒரு வழிகாட்டிக்கு 8 பேருக்கு மேல் வேண்டாம். இயந்திரச் சத்தத்தில் நீங்கள் பேசுவது பின்வரிசைக்கு எட்டாது. வெளியில் விளக்கிவிட்டு உள்ளே போங்கள். முழு ஆலையையும் காட்டாமல், கம்பியாக நுழைந்து பாகமாக வெளிவரும் ஒரே ஒரு பொருளின் பின்னால் நடங்கள்.

ஒருமுறை போய்விட்டு வந்தால் பலனில்லை. அதே வகுப்புக்கு, அதே ஆட்கள், ஆண்டுக்கு மூன்று முறை. திரும்பும்போது ஷாஃப்டைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பக்கத்து வகுப்பும் பார்க்கக் கேட்கும்.