டர்பனிலிருந்து பூட்டனார் ஊருக்கு: எது முடிந்தால் எது நடக்கும்?

பூட்டனார் ஊரைத் தேடிக் கிளம்புகிறவர்கள் பலரும் விமான டிக்கெட்டில் ஆரம்பிக்கிறார்கள். அது தலைகீழ். முதல் வேலை கப்பல் பட்டியல். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்தவர்களின் பதிவில் எண், தகப்பனார் பெயர், ஜில்லா, கிராமம் எல்லாம் இருக்கும். குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுத்துலி ஆவண மையத்தில் தேடலாம். 'வட ஆற்காடு' என்றிருந்தால் உடனே வேலூருக்கு ரயில் போட்டுவிடாதீர்கள். சித்தூர் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து 1911-இல்தான் தனி ஜில்லாவானது. உங்கள் ஊர் இன்று ஆந்திராவில் இருக்கலாம்.

இப்படி எது முடிந்தால் எது என்று வேலைகளைக் கோத்துத் தேதி போட, கான்ட்ப்ராஜெக்ட் (GanttProject) என்ற இலவச மென்பொருளே போதும். வேலைக்கு ஒரு வரி, அதற்கு எத்தனை நாள் என்று போடுங்கள்; ஒவ்வொன்றும் காலண்டரில் ஒரு பட்டையாகத் தெரியும். பிறகு முந்தைய வேலையின் பட்டையிலிருந்து அடுத்ததற்கு மவுஸால் இழுத்தால் அம்பு விழும். 'அது முடிந்த பிறகே இது' என்பதுதான் அதன் வழக்கமான பொருள். பாஸ்போர்ட் புதுப்பித்தலிலிருந்து இந்திய இ-விசாவுக்கு ஓர் அம்பு: விண்ணப்பத்தில் பாஸ்போர்ட் எண் வேண்டும், ஆறு மாதச் செல்லுபடியும் வேண்டும்.

சில அம்புகளுக்கு இடைவெளியும் உண்டு. போகிற வழியில் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் ஓரிரு நாள் தங்கினால், இந்தியாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று தேவை. அது ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் செல்லும். ஊசிக்கும் பயணத்துக்கும் இடையே உள்ள அம்பில் 10 நாள் தாமதம் கொடுங்கள். கூடவே மென்பொருளின் காலண்டரில் சனி, ஞாயிறையும் வேலை நாளாக்கிவிடுங்கள். வேலை நாள் கணக்கில் எண்ணினால் 10 நாள் 14 ஆகிவிடும். ஊசிக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை!

ரயில்தான் தகராறு. சாதாரண முன்பதிவு பயணத்துக்கு 60 நாள் முன்பு திறக்கும். அம்பு வேலையைப் பிந்திய தேதிக்குத் தள்ளுமே தவிர, பயணத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணாது. முன்பதிவு வரிக்கு 'இதற்கு முன் தொடங்காது' என்று ஒரு தேதியைக் கையால் போடுங்கள். பயணம் நகர்ந்தால் அதையும் கையால்தான் மாற்ற வேண்டும். வரியின் பெயரிலேயே 'பயணம் −60' என்று எழுதிவைத்தால் மறக்காது.

அடிக்கடி நடக்கும் தப்பு, வரிசையில் வருவதையெல்லாம் கோத்துவிடுவது. விசாவுக்கு அடுத்து சேலை வாங்குவதாக எழுதினோம் என்பதற்காக அம்பு போட்டால், விசா தாமதமானதும் சேலையும் தள்ளிப்போகும். 'இது முடியாமல் அதைத் தொடவே முடியாதா?' என்று கேளுங்கள். 'தொடலாம்' என்றால் அம்பு வேண்டாம்.

தேதி குறித்தால்தான் லீவு, லீவு கிடைத்தால்தான் தேதி என்று வட்டமாகக் கோத்தால் மென்பொருள் ஏற்காது. 'தோராயத் தேதி', 'லீவு கேட்பது', 'தேதி உறுதி' என மூன்று வரியாக உடையுங்கள், வட்டம் நேராகிவிடும். டிக்கெட் மூன்றாவது வரிக்குப் பிறகு.