மெட்டல் டிடெக்டருக்கு எந்தக் காயில்? முதலில் மண்ணைப் பாருங்கள்

மெட்டல் டிடெக்டர் வாங்கியவர் அடுத்து வாங்க நினைப்பது பெரும்பாலும் ஒரு பெரிய காயில்தான், அதாவது தண்டின் முனையில் இருந்து தரையைத் தடவிப் பார்க்கும் தட்டு. காயில் பெரிதானால் ஆழமும் கூடும் என்ற கணக்கு. அது பாதிதான் சரி. இரும்புக் கனிமம் ஏறிய மண்ணிலும், ஆணியும் பாட்டில் மூடியும் சிதறிக் கிடக்கும் இடத்திலும் அதே பெரிய காயில் சின்னக் காயிலிடம் தோற்றுவிடும். எனவே முதலில் மண், அடுத்து குப்பை, கடைசியில் ஆழம் என்ற வரிசையில் யோசியுங்கள்.

மண்ணைச் சோதிக்க ஒரு வலுவான காந்தம் போதும். அதை பிளாஸ்டிக் பையில் போட்டு, காய்ந்த மண்ணில் நாலைந்து முறை இழுத்துப் பாருங்கள். கருமணல் அப்பிக்கொண்டு வந்தால் அங்கே கனிமம் அதிகம். இன்னொரு வழி: டிடெக்டரை ஆல் மெட்டல் முறையில் (எந்த உலோகத்தையும் ஒதுக்காத முறை) வைத்து கிரவுண்ட் பேலன்ஸ் (மண் எழுப்பும் சத்தத்தை அடக்கும் சரிசெய்தல்) செய்துவிட்டு, காயிலைத் தரைக்கு 3 செ.மீ. மேலிருந்து 30 செ.மீ. வரை ஏற்றி இறக்குங்கள். பேலன்ஸ் செய்த பிறகும் ஒவ்வொரு முறையும் சத்தம் ஏறி இறங்கினால் அந்த மண் உங்களைப் பாடாய்ப் படுத்தும்.

கான்சென்ட்ரிக் காயில்

வி.எல்.எஃப். (மிகக் குறைந்த அலைவரிசையில் வேலை செய்யும்) டிடெக்டர்களில் காயிலுக்குள் இரண்டு சுருள்கள் உண்டு. ஒன்று அனுப்பும், மற்றது வாங்கும். கான்சென்ட்ரிக்கில் வெளி வளையம் அனுப்பும் சுருள், உள்ளிருக்கும் சின்ன வளையம் வாங்கும் சுருள். இதன் புலம் கீழே போகப் போகக் கூம்பாகக் குறுகும். ஆழத்தில் இருக்கும் நாணயம் காயிலின் நடுப்பகுதி அதன் மேல் வந்தால்தான் கேட்கும். எனவே ஒரு வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் பாதிக் காயில் அளவாவது மேல்படிய வேண்டும். அவசரப்பட்டு நடந்தால் இடையில் தரை அப்படியே விட்டுப்போகும்.

சுத்தமான, கனிமம் குறைந்த மண்ணில் இதுதான் சுகமான காயில். இலக்கு சரியாக நடுவில் காட்டும். பாட்டில் மூடி, தட்டையான தகரம் போன்றவற்றை இரும்பு என்று சரியாக அடையாளம் காட்டுவதிலும் இது ஒரு படி மேல். ஆனால் காயிலின் அடியில் இருக்கும் மண் முழுவதையும் சேர்த்துப் பார்ப்பதால், கனிம மண்ணில் அந்த இரைச்சலே சிக்னலை விழுங்கிவிடும்.

டபுள் டி காயில்

இரண்டு டி வடிவச் சுருள்களும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் படியும்படி வைக்கப்பட்டிருக்கும். அந்தப் படியும் பகுதிதான் உணரும் இடம். முன்முனையிலிருந்து பின்முனை வரை கத்தி அலகு போல ஒரு நீளமான பட்டை என்று நினைத்துக்கொள்ளுங்கள். பார்க்கும் மண்ணின் அளவு குறைவதால் கனிம இரைச்சலும் குறைகிறது, பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் இரண்டு பொருள்களைப் பிரித்துக் காட்டவும் முடிகிறது. பட்டை நீளமாக இருப்பதால் ஒவ்வொரு வீச்சிலும் ஆழத்தில்கூட அகலமான தரை அடிபடும்.

இதன் குறை, துருப்பிடித்த தட்டை இரும்பும் பாட்டில் மூடியும் நல்ல உலோகம் போலக் குரல் கொடுப்பது. சந்தேகம் வந்தால் காயிலை ஆட்டிக்கொண்டே மெல்லப் பின்னுக்கு இழுங்கள். இலக்கு முன்முனையை விட்டு வெளியேறும் நேரத்தில் மூடிக்குத் திரையில் காட்டும் எண் சரியும், சத்தம் உடையும். நாணயம் கடைசி வரை ஒரே குரலில் பேசும். பிறகு 90 டிகிரி திரும்பி நின்று மறுபடி வீசிப் பாருங்கள். இடத்தைக் குறிக்கவும் இதே இழுப்புதான்: சத்தம் சட்டென்று நிற்கும் நொடியில் இலக்கு முன்முனைக்கு அடியில் இருக்கும்.

கையிலிருப்பது எந்த வகை என்று தெரியாவிட்டால், ஆணி அடிக்காத மர மேசையில் காயிலை மல்லாத்தி வைத்து, பின்பாயின்ட் (இலக்கின் இடத்தைக் குறிக்கும்) பொத்தானை அழுத்திக்கொண்டு ஒரு நாணயத்தை 8 செ.மீ. உயரத்தில் முன்முனையிலிருந்து பின்முனைக்கு நகர்த்துங்கள். மோதிரம், கைக்கடிகாரம் கழற்றியிருக்க வேண்டும். நீளம் முழுக்கச் சத்தம் ஏறக்குறைய ஒரே மாதிரி வந்தால் டபுள் டி. நடுவில் மட்டும் உப்பி, இரு முனைகளிலும் மங்கினால் கான்சென்ட்ரிக்.

அளவு

காயிலின் அளவோடு ஒப்பிடும்போது நாணயம் எட்டத்தில் இருக்கும் நிலையில், தூரம் இரட்டித்தால் திரும்பி வரும் சிக்னல் சுமார் 64-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். எனவே 11 அங்குலத்திலிருந்து 15 அங்குலத்துக்குப் போனால் நாணயத்துக்குக் கிடைப்பது சில செ.மீ. மட்டும், பானை, பெட்டி அளவுப் பொருள்களுக்குத்தான் நல்ல பலன் தெரியும். மெல்லிய மோதிரமும் சிறு தங்கத் துணுக்கும் பெரிய காயிலில் காணாமலே போகலாம்.

குப்பை நிறைந்த இடத்தில் நிலைமை தலைகீழ். ஒரு நாணயத்தைத் தரையில் வைத்து, இரு பக்கமும் 5 செ.மீ. தள்ளி இரும்பு ஆணிகளை வையுங்கள். ஆணி மட்டும் ஒதுங்கும் அளவுக்கு டிஸ்கிரிமினேஷனை (வேண்டாத உலோகத்தை ஒதுக்கும் அமைப்பு) வைத்து, மூன்றையும் ஒரே கோட்டில் தாண்டுமாறு மெதுவாக வீசுங்கள். பெரிய காயில் பெரும்பாலும் ஊமையாகிவிடும். 5 அல்லது 6 அங்குலக் காயில் நடுவில் ஒரு துண்டுச் சத்தமாவது தரும். அந்தத் துண்டுச் சத்தத்துக்காகத்தான் சின்னக் காயில் வாங்குகிறோம். 5-க்கு 10 அங்குல நீள்வட்டக் காயில் இரண்டுக்கும் நடுவானது: அறுத்த பயிரின் தாளுக்கு இடையே எளிதாக நுழையும், பிரிக்கும் திறனும் நன்று, ஆனால் அதே நீளமுள்ள வட்டக் காயிலின் ஆழம் வராது.

ஒன்றே ஒன்று வாங்க முடியும் என்றால் 9 முதல் 11 அங்குலத்துக்குள் டபுள் டி. இரண்டாவதாக 6 அங்குலம். 15 அங்குலக் காயில் திறந்த வயல்வெளிக்கு மட்டும். அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் வீசினால் தோள்பட்டை சொல்லும்.

பல்ஸ் இண்டக்‌ஷன் கருவிகளில் மோனோ காயிலே வழக்கம்: ஒரே சுருள் துடிப்பை அனுப்பி, அணைந்தவுடன் கேட்கும். ஆழம் இதில்தான் அதிகம். மண் மிகக் கடுமையானால் கொஞ்சம் ஆழத்தை விட்டுக்கொடுத்து டபுள் டி-க்கு மாறலாம். சில கருவிகளில் இரும்பை ஒதுக்கும் வசதி டபுள் டி காயிலோடு மட்டுமே வேலை செய்யும், கையேட்டைப் பாருங்கள்.

பொருத்தும்போது

பிளக் நுழைகிறது என்பதற்காகக் காயில் பொருந்தும் என்று எண்ண வேண்டாம். காயில் அந்த மாடலின் அலைவரிசைக்கு ஏற்பச் சுற்றப்பட்டது. வேறு மாடலின் காயில் ஓயாமல் கத்தும், அல்லது ஒன்றையும் பிடிக்காது. கழற்றும் முன் கருவியை அணைத்துவிடுங்கள். நைலான் போல்ட் தவிர வேறெதையும் போடாதீர்கள். காயில் சாய்ந்து நிமிர இடம் விட்டு, அதற்கு மேல் கேபிளைத் தண்டில் இறுக்கமாகச் சுற்றுங்கள். தொங்கி ஆடும் கேபிளே பொய்ச் சத்தம் எழுப்பும். காயிலின் அடியில் மாட்டும் கவருக்குள் கருமணல் சேர்ந்தாலும் அதே தொல்லைதான், அவ்வப்போது கழற்றிக் கழுவுங்கள். காயில் நனையலாம் என்பதால் கண்ட்ரோல் பெட்டியும் நனையலாம் என்று ஆகாது.

பழைய காயில் வாங்கினால், கருவியை ஓடவிட்டு விளிம்பை விரலால் தட்டிப் பாருங்கள். மென்மையான தட்டலுக்கே கத்தினால் உள்ளே சுருள் இளகியிருக்கலாம், அதைச் சரிசெய்ய முடியாது. பிறகு கேபிள் காயிலுக்குள் நுழையும் கழுத்தை மெல்ல வளைத்துப் பாருங்கள். விட்டு விட்டுச் சத்தம் வந்தால் உள்கம்பி அறுந்துகொண்டிருக்கிறது, வாங்காதீர்கள்.