இறால் குறைந்துவிட்டது என்று எழுதும் முன்

பாக் விரிகுடாவில் இறாலைப் பற்றி ஆய்வேடு எழுத வரும் மாணவர்கள் பெரும்பாலும் ஏலத் தளத்தில்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். முதல் தவறும் அங்கேயே நடந்துவிடுகிறது. இறால் ஏலத்துக்கு வருவதற்குள் தரம் பிரித்துக் கூடையில் போட்டிருப்பார்கள். பெரியது ஒரு கூடை, நடுத்தரம் ஒரு கூடை. குஞ்சு பல நேரம் கோழித்தீவனத்துக்குப் போகும் சங்காயத்தோடு, அதாவது வலையில் விழும் கழிவு மீனோடு, சேர்ந்து மூலையில் கிடக்கும். கைக்கு எட்டிய கூடையில் நூறு இறாலை எடுத்து அளந்துவிட்டு, ‘இங்கே குஞ்சு பிடிபடுவதே இல்லை’ என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அளந்தது கூடையைத்தான். எல்லாக் கூடையிலிருந்தும், சங்காயத்திலிருந்தும், எடைக்கு ஏற்ற விகிதத்தில் எடுத்தால்தான் அந்தப் படகு கடலில் எதைப் பிடித்தது என்று தெரியும்.

அளக்கும் முறையிலும் கவனம் வேண்டும். பனிக்கட்டியில் புரண்டு வந்த இறாலுக்குத் தலைக்கொம்பு உடைந்திருக்கும். கொம்பு நுனியிலிருந்து வால் நுனி வரை அளந்தால் கணக்கு தப்பும். கண்குழியின் பின்விளிம்பிலிருந்து தலையோட்டின் கடைசி விளிம்பு வரை காலிப்பரில் அளப்பதே நம்பகமானது. ஆணையும் பெண்ணையும் தனித்தனியே எழுத வேண்டும். பெண் இறால் ஆணைவிடப் பெரிதாக வளரும். இரண்டையும் கலந்து வரைபடம் போட்டால் இரண்டு மேடு தெரியும்; அதை இரண்டு தலைமுறை என்று நினைத்துவிடுவோம். மீனுக்குக் காதுக்கல்லை வைத்து வயது சொல்வதுபோல இறாலுக்குச் சொல்ல முடியாது. அது சட்டை உரிக்கும்போது ஓட்டோடு எல்லாமே போய்விடும். அளவை வைத்துத்தான் வயதைக் கணிக்கிறோம், ஆகவே அளவில் பிழை வந்தால் வயதிலும் வரும்.

சினையைத் தேடும் இடமும் பலருக்குத் தவறிப்போகிறது. ஆற்று இறால் வயிற்றுக்கடியில் முட்டையைச் சுமந்துகொண்டு திரியும். அதைப் பார்த்துப் பழகியவர்கள் கடல் இறாலைப் புரட்டிப் பார்த்து ‘சினை இறால் இல்லை’ என்று குறித்துக்கொள்கிறார்கள். வெள்ளை இறால், புலி இறால், வரி இறால் எதுவுமே முட்டையைச் சுமப்பதில்லை. நேரே தண்ணீரில் விட்டுவிடும். ஒரு பெரிய பெண் வரி இறாலை எடுத்து அடியிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். முதுகு ஓட்டுக்குள் தலையிலிருந்து வால் வரை கரும்பச்சையாக ஒரு பட்டை ஓடும். அதுதான் சினை. பட்டையின் அகலத்தையும் நிறத்தையும் வைத்து எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லலாம். கடலில் விட்ட முட்டை ஒரு நாளுக்குள் பொரியும். நாப்ளியஸ், சோயியா, மைசிஸ் என்று உருமாறி, இரண்டு மூன்று வாரத்தில் குஞ்சாகிவிடும்.

அந்தக் குஞ்சு எங்கே போகிறது என்பதில்தான் பாடநூல் நம்மை அதிகம் ஏமாற்றுகிறது. ‘கடலில் பிறந்து, கழிமுகத்தில் வளர்ந்து, கடலுக்குத் திரும்பும்’ என்று படித்திருக்கிறோம். வெள்ளை இறாலுக்கு அது சரி. பழவேற்காட்டில் முகத்துவாரம் மணலால் அடைபட்டால் குஞ்சு ஏரிக்குள் வர வழியில்லை, இறால் பாடும் விழுந்துவிடும். ஆனால் பாக் விரிகுடாவின் வரி இறால், அதாவது பீனேயஸ் செமிசல்கேட்டஸ், வளர்வதற்குக் கழிமுகத்தை நம்புவதில்லை. கரையோரக் கடலிலேயே தாழை, அதாவது கடற்புல், படர்ந்த இடத்தில் ஒதுங்கி வளரும். கேரளத்தின் கரிக்காடி இறால் காயலுக்குள் போவதே கிடையாது. இனம் எது என்று உறுதி செய்யாமல் ஆற்று வாயில் வலை போட்டுவிட்டு, குஞ்சு இல்லை, இனம் அழிகிறது என்று எழுதுவது பெரிய அநியாயம். வரி இறாலின் குஞ்சைப் பார்க்க வேண்டுமானால் தாழையோரம் தள்ளுமடி என்ற சிறு இழுவலையை இழுக்கும் வள்ளங்களிடம் போக வேண்டும். இன்னொன்று: அது பகலில் மணலுக்குள் புதைந்து, இரவில் வெளியே வரும். பகல் இழுப்பையும் இரவு இழுப்பையும் ஒரே பட்டியலில் போடக் கூடாது.

சரி, குறைந்திருக்கிறதா? மொத்தப் பிடிப்பை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. எத்தனை படகு, எத்தனை மணி நேரம் இழுத்தது, எந்தக் கண்ணி வலை, எஞ்சின் எவ்வளவு குதிரைத்திறன் என்று தெரிய வேண்டும். ராமேஸ்வரம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் போவது வழக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். தடை முடிந்த முதல் வாரம் அள்ளிக்கொண்டு வருவார்கள். அந்த வாரத்தை மார்ச் மாதத்தோடு ஒப்பிட்டு ‘பெருகிவிட்டது’ என்றோ ‘சரிந்துவிட்டது’ என்றோ சொல்வதில் பொருளில்லை. இறாலுக்கு ஆயுள் ஒன்றிரண்டு வருடம்தான். ஒரு வருடம் குஞ்சு பிழைக்காமல் போனாலே அடுத்த பிடிப்பு விழும்; மறு வருடம் எழவும் கூடும். ஒரே பருவத்துக் கணக்கை வைத்துச் சரிவு என்று முடிவு கட்டக் கூடாது.

ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தைக் கடலின் நலத்துக்குச் சான்றாகக் காட்டுவதும் நடக்கிறது. 2009க்குப் பிறகு பண்ணைகளில் வந்த வனாமி இறால்தான் அந்த எண்ணைத் தூக்கி நிறுத்துகிறது. அது நம் கடலில் பிறந்ததே அல்ல.

மீனவர்களிடம் ‘இறால் குறைஞ்சிடுச்சா அண்ணே?’ என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ‘உங்க அப்பா காலத்துல எந்த மாசம், எத்தனை பாகம் ஆழத்துல வரி இறால் பட்டது? இப்ப எவ்வளவு தூரம் போறீங்க? தாழை அப்ப எதுவரைக்கும் இருந்துச்சு?’ என்று கேளுங்கள். கூடை பிரிக்கும் பெண்களிடம் ‘அக்கா, சங்காயத்துல குஞ்சு எந்த மாசம் அதிகமா கிடக்கும்?’ என்று கேளுங்கள். ஆய்வேடுகளில் அந்த அக்காக்களின் பேச்சே இருப்பதில்லை. எனக்கு அது இன்றும் உறுத்துகிறது. அவர்கள் சொல்வதை அங்கே நிற்கும்போதே தேதி, பிறை, படகு திரும்பிய நேரத்தோடு நோட்டில் எழுதிவிடுங்கள். அறைக்குப் போய் எழுதினால் மாதம் மாறிப்போகும்.