கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்: சாரணர் பையன்களோடு நிற்கும் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். மகன் ஏழாவது படிக்கும்போது சாரணர் இயக்கத்தில் சேர்ந்தான். "முகாமுக்குச் சாமான் ஏத்த ஒரு ஆள் வேணும், வர்றீங்களா சார்?" என்று ஸ்கவுட் மாஸ்டர் கேட்டார். போனேன். சாமானை இறக்கிவிட்டுத் திரும்பியிருக்க வேண்டியவன், நான்கு வருஷமாகத் திரும்பவில்லை. இந்த நான்கு வருஷத்தில் பையன்கள் செய்த தவறுகளைவிட நான் செய்தவைதான் அதிகம். புதிதாக வரும் அப்பா அம்மாக்கள் அதே பள்ளத்தில் விழ வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, கட்டிக் கொடுப்பது. நாள் முழுக்கக் கம்பி சுற்றுகிற கை என்னுடையது. ஒரு பையன் கயிற்றை வைத்துக்கொண்டு தடுமாறினால் என் விரல் தானாக நீளும். முதல் முகாமில் சவுக்குக் கழிகளை வைத்துச் செருப்பு ஸ்டாண்ட் செய்யச் சொன்னார்கள். குறுக்கே வரும் இரண்டு கழிகளைப் பிணைக்கும் ஸ்கொயர் லாஷிங்: கழியில் கயிற்றைப் பிடிக்கவைக்கும் குளோவ் ஹிட்ச் முடிச்சு போட்டு ஆரம்பித்து, இரண்டு கழிகளையும் மூன்று சுற்று சுற்றி, நடுவில் இறுக்கிப் பிடிக்க இரண்டு சுற்று கொடுத்து, மறுபடி குளோவ் ஹிட்ச்சில் முடிக்க வேண்டும். பையன்கள் மூன்றாவது சுற்றில் சிக்கிக்கொண்டார்கள். "தள்ளு தம்பி" என்று வாங்கி நானே கட்டினேன். ஸ்டாண்ட் கோயில் கதவு மாதிரி நின்றது, பார்க்க வந்தவர்கள் பாராட்டினார்கள். அடுத்த மாதம் அதே பையன்களிடம் கழியையும் கயிற்றையும் கொடுத்தால் ஒருவனுக்கும் ஆரம்பமே தெரியவில்லை. பக்கத்து பேட்ரோலின், அதாவது பக்கத்துச் சிறு குழுவின், ஸ்டாண்ட் அன்று ராத்திரிக்குள் மூன்று தடவை சரிந்தது. அவர்களுக்கு இன்றைக்கும் கட்டத் தெரியும்.

முடிச்சு தப்பாக இருந்தால் "தப்பு" என்று சொல்லாதீர்கள். "இழுத்துப் பாரு" என்று சொல்லுங்கள். இரண்டு கயிற்று முனைகளைச் சேர்த்துப் போடும் ரீஃப் நாட் சரியாக இருந்தால் இழுத்தாலும் நிற்கும். மேலே கீழே மாற்றிப் போட்டது வழுக்கிக்கொண்டு வரும். கயிறே சொல்லிவிடும்போது நாம் எதற்கு?

இதைவிட மோசமாக ஒன்று செய்தேன். ஆற்றைக் கடக்காமல் அதன் அகலத்தை அளக்கும் பயிற்சி. கெடிலம் ஆற்றின் கரையில் நின்றோம். எதிர்க்கரையில் ஓர் இடத்தைப் பார்த்து, தொப்பியின் விளிம்பு அந்த இடத்தைத் தொடுகிற மாதிரி தலையைச் சாய்க்க வேண்டும். அப்படியே கழுத்தை அசைக்காமல் உடம்பைத் திருப்பி, நம் கரையில் விளிம்பு எங்கே விழுகிறது என்று பார்த்து, அதுவரை அடிவைத்து அளந்தால் அதுதான் ஆற்றின் அகலம். சாரணர் போடும் பெரே தொப்பிக்கு விளிம்பு கிடையாது என்பதால் உள்ளங்கையை நெற்றியில் வைத்துக்கொள்வார்கள். பையன்களுக்குள் சண்டை. ஒருவன் தலை ஆடிவிட்டது என்றான், இன்னொருவன் "உன் அடி சின்னது" என்றான். அரைமணி நேரம் ஆகிவிட்டதே என்று நான் போனை எடுத்து மேப்பில் அளந்து விடையைச் சொல்லிவிட்டேன். எட்டாவது படிக்கும் ஒரு பையன் கையை இறக்காமலே கேட்டான்: "அப்ப நாங்க எதுக்கு சார் நெத்தியில கைய வெச்சுக்கிட்டு நிக்கிறோம்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தச் சண்டைதான் பாடம். தன் ஒரு அடி எத்தனை சென்டிமீட்டர் என்று தெரியாமல் அளக்க முடியாது என்பதை அவர்கள் தாங்களாகவே கண்டுபிடிக்க இன்னும் பத்து நிமிஷம்தான் இருந்தது.

அடுத்து, பேட்ரோல் லீடரைத் தாண்டிப் பேசுவது. ஆறு முதல் எட்டுப் பையன்கள், அவர்களுக்குள் ஒரு தலைவன்: சாரணர் முறையின் முதுகெலும்பே இதுதான். 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் முகாமிலேயே சுமார் 20 பையன்களை நான்கு பேட்ரோலாகப் பிரித்துத்தான் வைத்தார். சட்டியில் தண்ணீர் இல்லை என்றால் லீடரைக் கூப்பிட்டு அவனிடம் மட்டும் சொல்லுங்கள். நீங்களே சட்டிக்காரப் பையனைப் பார்த்துக் கத்தினால், அந்த லீடர் அதற்குப் பிறகு வெறும் விசில்தான்.

அந்த 1907 முகாமில் பணக்காரப் பள்ளிப் பையன்களும் உழைப்பாளிக் குடும்பத்துப் பையன்களும் கலந்திருந்தார்கள். இங்கே பெற்றோர் வந்து கேட்பது என்ன தெரியுமா? "எங்க தெருப் பையனோடயே போட்டுடுங்க சார்." போடாதீர்கள். எங்கள் பேட்ரோல் ஒன்றில் வங்கி அதிகாரி மகனும் தேவனாம்பட்டினத்து மீனவர் மகனும் இருந்தார்கள். இரண்டு கயிறுகளை இணைக்கும் ஷீட் பெண்ட் முடிச்சை நான் அந்த இரண்டாவது பையனுக்கு நிதானமாக, பொறுமையாக, மூன்று தடவை போட்டுக் காட்டினேன். நாலாவது தடவை அவன் கயிற்றை வாங்கி, நான் பார்ப்பதற்குள் போட்டு முடித்தான். வலைக்கண் பின்னும் முடிச்சு அதேதான். வீட்டில் தாத்தாவோடு உட்கார்ந்து சின்ன வயதிலிருந்தே போடுகிறானாம். பேர்தான் தெரியாது. அன்றிலிருந்து எந்த முடிச்சையும் சொல்லிக்கொடுக்கும் முன், "இது யாருக்காவது ஏற்கெனவே தெரியுமா?" என்று கேட்கிறேன்.

முகாமுக்குப் புளிசாதப் பொட்டலம் கொடுத்து அனுப்பும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. பையன்கள் ஆக்கும் சோறு முதல் நாள் குழையும், இரண்டாம் நாள் அடிப்பிடிக்கும், மூன்றாம் நாள் சோறாக இருக்கும். பொட்டலம் வந்தால் மூன்றாம் நாள் வரவே வராது. பையையும் அவனே அடுக்கட்டும். அம்மா அடுக்கிய பையில் டார்ச் எங்கே இருக்கிறது என்பது அம்மாவுக்குத்தான் தெரியும், அவர் வீட்டில் இருப்பார்.

பேட்ஜ் அவசரம் இன்னொன்று. பிரதம சோபான், துவிதிய சோபான், திருதிய சோபான், ராஜ்ய புரஸ்கார், பிறகு ராஷ்டிரபதி விருது என்று படிகள் உண்டு. ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீடு இருக்கிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து சில அப்பாக்கள் இதை டியூஷன் மாதிரி நடத்துகிறார்கள். பையன் தான் செய்ததை எழுதிவைக்க வேண்டிய லாக் புத்தகத்தை அப்பா எழுதினால் கையெழுத்திலேயே தெரிந்துவிடும், அவ்வளவுதான் சொல்வேன்.

இதுவரை சொன்னதெல்லாம் கையைக் கட்டிக்கொள்ள வேண்டிய இடங்கள். கட்டவே கூடாத இடங்களும் இருக்கின்றன. "அவனே கத்துக்கட்டும்" என்ற பேச்சு அங்கே செல்லாது.

கடல் முதலாவது. சில்வர் பீச்சுக்கு அழைத்துப் போனால் முழங்கால் தண்ணீருக்குக்கூட இறக்காதீர்கள். இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரை தள்ளும்போது நடுவில் ஓர் இடம் மட்டும் அமைதியாகத் தெரியும். பையன்கள் அங்கேதான் இறங்கப் பார்ப்பார்கள். கரைக்கு வந்த தண்ணீர் உள்ளே திரும்பிப் போகும் வழி அதுதான், ஆளையும் சேர்த்து இழுக்கும். நீச்சல் தெரிந்த பையன் என்பதெல்லாம் கணக்கில் வராது.

நெருப்பு. சவுக்குத் தோப்பில் நிழல் நன்றாக இருக்கும், தரையெல்லாம் காய்ந்த சருகு. அடுப்பைச் சுற்றி மண் தெரியும்வரை பெருக்கிவிட்டுத்தான் தீக்குச்சியைக் கொடுக்க வேண்டும். முடிந்ததும் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, கையை மேலே வைத்துப் பார்த்து சூடு இல்லை என்றால்தான் நகர வேண்டும். இடி இடித்தால் பனைக்கும் தென்னைக்கும் அடியில் ஒருவரும் நிற்கக் கூடாது, கூடாரத்தை முதலிலேயே அங்கே அடிக்கக் கூடாது.

பாம்பு. தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைத்தான் கட்டுவிரியன் ராத்திரியில் கடிக்கும். பல சமயம் வலியே தெரியாது, கடித்த தடமும் தெரியாது. கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகியிருக்கிறார்களா என்று படுக்கும் முன் நீங்களே டார்ச் அடித்துப் பாருங்கள். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்கு. விஷமுறிவு மருந்துக்கு மாற்று கிடையாது.

இன்னொன்றைச் சொல்ல எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். பெரியவர் ஒருவர் எந்தப் பையனோடும் தனியாக இருக்கக் கூடாது. கூடாரத்தில், காரில், உடை மாற்றும் இடத்தில், எங்கேயும். எப்போதும் இரண்டு பெரியவர்கள், அல்லது மற்றவர்கள் பார்க்கிற இடம். "நல்ல மனுஷன் சார், தெரிஞ்சவர்தான்" என்று சொல்வார்கள். நல்ல மனுஷன் இந்த விதியைக் கேட்டால் கோபப்பட மாட்டார். எனக்கும் சேர்த்துத்தான் இந்த விதி. பெற்றோர் யாராவது என்னைக் கேள்வி கேட்டால் நான் உட்கார்ந்து பதில் சொல்வேன்.

கடைசியாக, சொந்த மகன். அவனுக்குச் சலுகை காட்டுகிறேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தில் நான் எதிர்ப்பக்கம் போய்விட்டேன். வரிசையில் யார் பேசினாலும் திட்டு அவனுக்கு. தண்ணீர் சுமக்க முதல் ஆள் அவன். ஒருநாள் பயிற்சி முடிந்து வண்டியில் வரும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டான்: "அப்பா, அங்க நான் உங்க பையனா, இல்ல உங்க வேலையாளா?" அண்ணா பாலத்தில் வண்டியை ஓரம்கட்டி நிறுத்திவிட்டு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு இன்னொரு அப்பாவோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். என் மகனுடைய பேட்ரோலை அவர் பார்க்கிறார், அவர் மகனுடையதை நான். மைதானத்தில் மகன் என்னை மற்றவர்களைப் போல "சார்" என்றுதான் கூப்பிடுகிறான். திரும்பி வரும்போது திருப்பாதிரிப்புலியூர் வரும்வரை பயிற்சியைப் பற்றி நான் பேச்செடுப்பதில்லை. அவனாக எடுத்தால் உண்டு.