டெங்கு ஆய்வில் இறங்கும் இளம் வைத்தியர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

இன்டர்ன்ஷிப் முடித்து, பொரளை எம்.ஆர்.ஐ. (மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம்) பக்கமோ அங்கொடை ஐ.டி.எச். (தொற்றுநோய் ஆஸ்பத்திரி) பக்கமோ ஆராய்ச்சிக் கனவோடு வருகிறவர்கள் பலர், முதலில் இரத்தத்தை எடுத்துவிட்டுப் பிறகு கேள்வியைத் தேடுகிறார்கள். ஃப்ரீஸர் நிறையக் குப்பிகள் இருக்கும். எதை அறிய எடுத்தீர்கள் என்றால் பதில் வராது.

அதைவிட மோசமானது நாள் கணக்கில் விடும் பிழை. வாட்டுக்கு வந்த நாளையே முதலாம் நாளாகக் குறித்துவிடுவார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தவரோ மூன்று நாள் வீட்டில் பரசிட்டமோல் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார். காய்ச்சல் தொடங்கிய நாள் வேண்டும், முடிந்தால் நேரமும். வைரஸின் புரதமான என்.எஸ்.1 முதல் சில நாட்களில்தான் சோதனையில் நன்றாகப் பிடிபடும். வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் அன்டிபொடியான ஐ.ஜி.எம். ஏறக்குறைய ஐந்தாம் நாளில்தான் தலைகாட்டும். இரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா (இரத்தத்தின் நீர்ப்பகுதி) கசியும் அந்த ஆபத்தான 24 முதல் 48 மணித்தியாலம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் வேளையில் வருகிறது. வைரஸ் அப்போது குறைந்துகொண்டிருக்கும். வைரஸ் குறையும்போது நோய் ஏன் முற்றுகிறது? நோயெதிர்ப்பியல்காரர்களை டெங்குப் பக்கம் இழுத்ததே இந்தக் கேள்விதான். மூன்றாம் நாள் இரத்தத்தையும் ஆறாம் நாள் இரத்தத்தையும் ஒன்றாகப் போட்டு சைட்டோகைன் (நோயெதிர்ப்புச் செல்கள் விடும் சமிக்ஞைப் புரதங்கள்) அளந்தால், தெரிவது நோயின் கடுமையா நாளின் வித்தியாசமா என்று யாராலும் பிரிக்க முடியாது. எவ்வளவு விலையான மெஷினும் அதைத் திருத்தித் தராது.

இது முதல் தொற்றா இரண்டாவதா என்று பார்க்காமல் விடுவதும் அதே வகைதான். டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒன்றுக்கு எதிராக உண்டான அன்டிபொடி, இன்னொன்று வரும்போது நிலைமையை மோசமாக்கவும் கூடும். முன்பு டெங்கு வராத பிள்ளைகளுக்கு டெங்வாக்ஸியா தடுப்பூசி கடும் டெங்குவின் ஆபத்தைக் கூட்டலாம் என்று 2017இல் அதைத் தயாரித்தவர்களே அறிவிக்க வேண்டிவந்தது. அதே ஆண்டில்தான் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு பதிவானது.

சம்மதப் படிவத்தைக் கடைசி நேரத்தில் தமிழாக்கித் தள்ளிவிடுகிறார்கள். ‘உயிரியல் மாதிரிகள் எதிர்கால ஆய்வுக்காகப் பேணப்படும்’ என்று வாசித்தால், கட்டிலில் இருப்பவர் “சரி டொக்டர், எங்க கையெழுத்து?” என்பார். அது சம்மதமில்லை, களைப்பு. “உங்க ரத்தத்துல கொஞ்சத்த வச்சிருந்து பிறகும் சோதிப்போம். வேணாம்னா சொல்லலாம், மருந்துல ஒண்ணும் குறையாது” என்றால் அவர் கேள்வி கேட்பார். கேட்கட்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் வருமுன் ஆய்வுக்காக ஒரு டியூப்கூட எடுக்கக்கூடாது. பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பது நடக்காது.

உயிருள்ள செல்கள் வேண்டுமென்றால் அன்றைக்கே இரத்தத்திலிருந்து பிரித்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் அங்கொடையில் இரத்தம் எடுத்து, அந்த நெரிசலில் கொழும்புக்குள் கொண்டுவர நினைப்பவர், லெப்பில் அதை வாங்க ஆள் இருக்கிறாரா என்று முதலில் ஒரு கோல் எடுத்துக் கேட்கட்டும்.