அல்சேஸ்-லொரைன் குடும்பத்தின் தடத்தைப் பழைய பதிவேடுகளில் தேடுவது எப்படி?

பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் நடந்த பகையில் அல்சேஸ்-லொரைன் 75 ஆண்டுகளுக்குள் நான்கு முறை கைமாறியது. 1871இல் ஜெர்மனி எடுத்துக்கொண்டது, 1918இல் பிரான்ஸ் மீட்டது, 1940இல் நாஜி ஜெர்மனி பிடித்தது, 1944-45இல் மறுபடி பிரான்ஸ். ஒவ்வொரு முறையும் பதிவேட்டின் மொழி மாறியது, ஊர்ப்பெயர் மாறியது, பல நேரம் ஆளின் பெயரும் மாறியது. முதன்முறை தேடுகிறவர்கள் திணறுவது இதனால்தான். வரிசையாகப் போனால் சிக்கல் பெரிதில்லை. பதிவேடுகளில் பெரும்பகுதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

படி 1: நாட்டை விடுங்கள், ஊரைப் பிடியுங்கள்

பிரான்சின் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகள் (எத்தா சிவில்) ஊர்வாரியாகவே எழுதப்பட்டவை. நாடு முழுவதற்குமான ஒரே பெயர்ப்பட்டியல் கிடையாது. ஆகவே "அல்சேஸ்காரர்" என்ற தகவல் மட்டும் கையில் இருந்தால் தேடல் நகராது. ஊர்ப்பெயர் தெரிந்ததும் அதன் இரண்டு வடிவங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். முலூஸ் ஜெர்மன் ஆவணத்தில் மூல்ஹவுசன், செலெஸ்தா ஷ்லெட்ஷ்டாட். இவற்றையாவது ஊகிக்கலாம். ஆனால் மோசல் மாவட்டத்துத் தியோன்வீல்தான் டீடன்ஹோஃபன் என்று யாராலும் ஊகிக்க முடியாது.

அடுத்து மாவட்டம். ஸ்ட்ராஸ்பூரைத் தலைநகராகக் கொண்ட பா-ரான், கொல்மாரைத் தலைநகராகக் கொண்ட ஓ-ரான் இரண்டின் பதிவேடுகளும் அல்சேஸ் ஆவணக்காப்பகத்தின் இணையதளத்தில் உள்ளன. மோசலுக்குத் தனி ஆவணக்காப்பகம். பெல்ஃபோர் பகுதி 1871க்கு முன் ஓ-ரானில் இருந்தாலும் ஜெர்மனிக்குப் போகாமல் பிரான்சிலேயே தங்கிவிட்டது. அந்த ஊர்க்காரர்களுக்கு இங்கே சொல்லும் ஜெர்மன் காலச் சிக்கல்கள் கிடையாது.

படி 2: திருமணப் பதிவில் தொடங்குங்கள்

எல்லோருக்கும் முதலில் பிறப்புப் பதிவைத் தேடத்தான் தோன்றும். திருமணப் பதிவு அதைவிடப் பயன் தரும். மணமக்கள் இருவரின் பிறந்த ஊர், தேதி, பெற்றோர் பெயர், தொழில், அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பது, சாட்சிகள் எல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்கும்.

பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டாம். பத்தாண்டுக்கு ஒருமுறை பெயர்களை அகரவரிசையில் தொகுத்த பட்டியல் ஒவ்வோர் ஊருக்கும் உண்டு: 1853–1862, 1863–1872 என்று போகும். அதில் பெயரையும் தேதியையும் எடுத்துக்கொண்டு, அந்த ஆண்டின் பதிவேட்டைத் திறங்கள். பெண்ணைத் தேடும்போது பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரில் தேடுங்கள். பிரெஞ்சுப் பதிவுகள் மணமான பெண்ணையும் அப்படித்தான் குறிக்கும். ஜெர்மன் ஆவணங்களில் கணவர் பெயர் முன்னால் வரும், பிறந்த வீட்டுப் பெயர் "கெபோரன" என்ற சொல்லுக்குப் பின்னால் வரும்.

75 ஆண்டு கடக்காத பிறப்பு, திருமணப் பதிவுகள் பொதுப் பார்வைக்குக் கிடைக்காது.

படி 3: ஆண்டைப் பார்த்து எழுத்தை முடிவு செய்யுங்கள்

படத்தைத் திறப்பதற்கு முன்பே அது எந்த மொழியில் இருக்கும் என்று சொல்லிவிடலாம். 1792 செப்டம்பருக்கு முன் இருப்பவை தேவாலயப் பதிவேடுகள். கத்தோலிக்கர்களுடையது பெரும்பாலும் லத்தீன், லூத்தரன் சபையினருடையது ஜெர்மன். அதன்பின் 1870 வரை பிரெஞ்சு, 1918 வரை ஜெர்மன்.

1793 முதல் 1805 வரை பிரெஞ்சுப் புரட்சி அரசு கொண்டுவந்த தனிக் காலண்டர் வரும்; மாதப் பெயர், ஆண்டு எண் எல்லாம் வேறு. மாற்றுவதற்கு ஒரு கணக்கு: மாதம் வாந்தெமியேர், ப்ருமேர், ஃப்ரிமேர் என்றால் ஆண்டு எண்ணோடு 1791ஐக் கூட்டுங்கள். அடுத்த மாதமான நிவோஸ் 10 அல்லது 11க்குப் பிறகு என்றால் 1792ஐக் கூட்டுங்கள். நெப்போலியன் ஆட்சியைப் பிடித்த 8ஆம் ஆண்டு ப்ருமேர் 18, இந்தக் கணக்குப்படி 1799 (நவம்பர் 9). சரியான நாளுக்கு இணையத்திலுள்ள மாற்றுக் கருவி போதும்.

மாதப் பெயரில் ஒரு பொறி இருக்கிறது. 7 என்று எண்ணை எழுதிப் பக்கத்தில் "ப்ர்" என்ற ஈற்றெழுத்துகளைப் போட்டிருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். 8 அக்டோபர், 9 நவம்பர், ரோமன் பத்து டிசம்பர். இதைக் கவனிக்காமல் இரண்டு மாதம் தள்ளிப் போட்ட குடும்ப மரங்கள் இணையத்தில் நிறைய உண்டு.

ஜெர்மன் காலத்துக் கையெழுத்து கூரென்ட் என்ற பாணி. அதில் "இ" (e) பார்வைக்கு "என்" (n) போலவே இருக்கும். "யு"வுக்கு (u) மேலே சிறு வளைவு இருக்கும், அதை வைத்துப் பிரிக்கலாம். "எச்" (h) மேலும் கீழும் சுழியோடு நீளும். இதையெல்லாம் மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். அச்சடித்த படிவமாக இருந்தால் வாசகம் எல்லாப் பக்கத்திலும் ஒன்றுதான், கையெழுத்து கோடிட்ட இடங்களில் மட்டும் வரும். ஒரு படிவத்தை முழுதாக வாசித்துவிட்டால் மற்றவற்றில் பெயர், தேதி, தொழில், ஊர் மட்டுமே மிச்சம்.

படி 4: பெயரின் இரட்டை வடிவங்களை எழுதி வையுங்கள்

ழான் – யோஹான். லூயி – லூட்விக். கியோம் – வில்ஹெல்ம். எத்தியென் – ஷ்டெஃபான். எழுதிய குமாஸ்தா எந்த அரசின் ஊழியரோ, அந்த வடிவம்தான் பதிவேட்டில் விழும். வீட்டில் கூப்பிட்ட பெயர் மூன்றாவதாக வேறொன்றாக இருந்திருக்கலாம். 1940–44இல் நாஜி நிர்வாகம் பிரெஞ்சு முதற்பெயர்களைக் கட்டாயமாக ஜெர்மன்படுத்தியது. 1942இல் யோஹானாகப் பதிவான குழந்தை போருக்குப் பின் ழானாக வளர்ந்திருப்பது சாதாரணம்.

யூதக் குடும்பம் என்றால் 1808ஐ நினைவில் வையுங்கள். அந்த ஆண்டு ஜூலை 20 ஆணைப்படி நிலையான குடும்பப் பெயர் இல்லாத யூதர்கள் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. பழைய பெயரும் புதிய பெயரும் சேர்ந்த பதிவேடு ஊராட்சிகளில் உருவானது. அதைத் தாண்டிப் பின்னோக்கிப் போக அதுதான் பாலம்.

குடும்பப் பெயரின் ஓசையை வைத்து யார் எந்தப் பக்கம் என்று முடிவு கட்டாதீர்கள். ஜெர்மன் ஓசையுள்ள பெயர் கொண்ட க்ளேபர் நெப்போலியனின் தளபதி, ஸ்ட்ராஸ்பூர்க்காரர்.

படி 5: 1872 தேர்வுப் பட்டியல்

தேடலின் மையம் இதுதான். 1871 மே 10இல் கையெழுத்தான ஃப்ராங்ஃபர்ட் உடன்படிக்கையின் 2ஆம் பிரிவு, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு 1872 அக்டோபர் 1 வரை அவகாசம் தந்தது. நிபந்தனை: குடியிருப்பையும் பிரான்சுக்கு மாற்ற வேண்டும். (1962க்குப் பிறகு புதுச்சேரியிலும் இப்படி ஒரு தேர்வு இருந்ததால் நம்மவர் சிலருக்கு இது பழகிய விஷயம்.) தேர்ந்தவர்களின் பெயர்கள் "புல்தாங் தெ லுவா" என்ற அரசிதழில் வெளியாயின. பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் ஆகியவை அதில் கிடைக்கும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, பெயர் பட்டியலில் இருந்தால் ஆள் ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று எழுதிவிடுவது. இணைக்கப்பட்ட பகுதியில் ஏறத்தாழ 1,60,000 பேர் பிரான்சைத் தேர்ந்தார்கள். அவர்களில் சுமார் 1,10,000 பேர் குடிபெயராததால் ஜெர்மனி அந்தத் தேர்வைச் செல்லாததாக்கியது. உண்மையில் கிளம்பியவர்கள் 50,000 அளவில். எனவே 1872க்குப் பின் அதே ஊரின் பிறப்பு, இறப்புப் பதிவுகளையும் புரட்டி உறுதி செய்யுங்கள். ஒரே குடும்பம் பிரிந்ததும் உண்டு. பொய்யான தேசத்துரோக வழக்கில் தண்டிக்கப்பட்ட பிரெஞ்சு இராணுவ அதிகாரி, முலூஸில் பிறந்த ஆல்ஃபிரட் த்ரேஃபுஸின் குடும்பம் பிரான்சைத் தேர்ந்தது, ஆனால் குடும்பத்தின் ஆலையைப் பார்த்துக்கொள்ள மூத்த அண்ணன் ழாக் அங்கேயே தங்கினார்.

கிளம்பியவர்களைத் தொழிலை வைத்துத் தேடலாம். பிஷ்வில்லர் ஊரின் கம்பளித் துணி நெசவாளர்கள் நார்மண்டியில் எல்பூஃப் நகருக்குத் திரளாகப் போனார்கள். அல்ஜீரியாவில் அல்சேஸ்-லொரைன்காரர்களுக்கு 1,00,000 ஹெக்டேர் ஒதுக்கி 1871 ஜூனில் சட்டமே போட்டார்கள். அங்குள்ள பதிவுகளுக்கு எக்ஸ்-ஆன்-ப்ரொவான்சில் இருக்கும் கடல்கடந்த நாடுகளின் ஆவணக்காப்பகத்தைப் பாருங்கள். அமெரிக்கா என்றால் தேடலை 1871க்கு முன்பிருந்தே தொடங்குங்கள். டெக்சாஸின் காஸ்ட்ரோவில் 1844இலேயே அல்சேஸ்காரர்கள் குடியேறிய ஊர். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரே ஆள் ஒருமுறை "பிரான்சில் பிறந்தவர்", பத்தாண்டு கழித்து "ஜெர்மனியில் பிறந்தவர்" என்று இருந்தால் அது வேறு ஆள் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

படி 6: 1918க்குப் பின்

பிரான்ஸ் திரும்பி வந்ததும் மக்களை நான்கு அடையாள அட்டைகளாகப் பிரித்தது. ஏ: 1870க்கு முன் பிரெஞ்சுக்காரராக இருந்த குடும்பத்தார். பி: பெற்றோரில் ஒருவர் அந்நியர். சி: நேச, நடுநிலை நாட்டவர். டி: ஜெர்மானியர், ஆஸ்திரியர் மற்றும் அவர்கள் பிள்ளைகள். டி அட்டைக்காரர்கள் பலர் சிறு மூட்டையோடு ரைன் ஆற்றுக்கு அப்பால் அனுப்பப்பட்டார்கள். 1919க்குப் பின் ஒரு குடும்பம் பதிவேட்டில் சட்டென்று மறைந்தால் இதை முதலில் சந்தேகியுங்கள்.

தங்கியவர்களுக்கு வெர்சாய் உடன்படிக்கைப்படி 1918 நவம்பர் 11 முதல் குடியுரிமை திரும்பியது. அதற்கென ஊராட்சிகள் தனிப் பதிவேடு எழுதின. பெற்றோர் விவரமும் அதில் இருக்கும், தவறவிடாதீர்கள்.

பயிற்சிக்கு ஆல்பர்ட் ஷ்வைட்சர் நல்ல ஆள். 1875இல் கைசர்ஸ்பெர்க்கில் ஜெர்மன் குடிமகனாகப் பிறந்தார், 1913இல் பிரெஞ்சுக் காலனியான காபோனுக்கு மருத்துவராகப் போனார். போர் வந்ததும் எதிரி நாட்டவராகக் காவலில் வைக்கப்பட்டார், போர் முடிந்தபின் பிரெஞ்சுக் குடிமகனானார். அவர் வாழ்க்கையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் எந்த அரசின், எந்த மொழி ஆவணம் கிடைக்கும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

படி 7: சேமிப்பு

படத்தைத் தரவிறக்கியதும் அதே நிமிடத்தில் பெயர் மாற்றுங்கள்: ஆண்டு, ஊர், பதிவின் வகை, பட எண். உதாரணம்: 1868-பிஷ்வில்லர்-திருமணம்-படம்47. ஊர்ப்பெயருக்கு இன்றைய பிரெஞ்சு வடிவத்தையே எப்போதும் பயன்படுத்துங்கள். ஆவணத்தில் இருக்கும் வடிவத்தைக் குறிப்பில் தனியாக, எழுத்துப் பிழையோடு அப்படியே எழுதுங்கள்.